செருப்புக் கடையில் அப்பா பேர்

சோய்லாவின் அப்பா எலியோதோரோவைக் குத்திக் கொன்றது எங்கள் கடைக்கூடத்தின் நடுச்சந்தில்தான். ஒரு முழம் இடத்துக்காக. பக்கத்துக் கடைக்காரன் தன் தொப்பி அடுக்கை முன்னே இழுத்து வைத்தான், இவர் எட்டி உதைத்தார், அவன் கத்தியை எடுத்தான். சந்தில் கிடந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு மறுநாள் எல்லோரும் கடை திறந்தோம். குவாயாகில் துறைமுகத்துக் கடைத்தெருவில் பிழைப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது.

என் சித்தி மகள் ஹெர்மெலிந்தாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சோய்லா, இளையவன் தியோஹெனெஸ். அப்பாவின் கடையைத் தம்பி எடுத்து, அப்பா பேரையே பலகையில் எழுதி மாட்டி, ஜீன்ஸ் விற்றான். சோய்லா கட்டிக்கொண்ட உபால்தோ அதற்கு அடுத்த கடையில் செருப்பு விற்றான். நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தட்டி, அவ்வளவுதான். அவள் மட்டும் வியாபாரத்துக்கு வரவில்லை. கம்பம் ஏறி கேபிள் இழுத்தவள். ஒருமுறை மேலிருந்து விழுந்து தாடை உடைந்தது. சிரித்தால் வாய் ஒரு பக்கமாகப் போகும். அதற்கப்புறம் கடை கடையாக வைஃபை பொருத்திப் பிழைத்தாள்.

அந்த வைஃபையில்தான் மச்சான்மார் சண்டை தொடங்கியது. உபால்தோ ஒரு வைஃபை பெட்டி வாங்கினால் தியோஹெனெஸ் அதைவிடப் பெரிய கொம்பு வைத்த பெட்டி வாங்குவான். இரண்டின் அலையும் ஒன்றின் மேல் ஒன்று கத்தி, இரண்டு கடையிலும் கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கும். வாங்க வந்தவர்கள் சாமானைப் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் கூடத்தில் வைஃபைக்குப் பேர் வைப்பதே அடுத்தவனைத் திட்டத்தான். உபால்தோ ‘மச்சான் ஒரு திருடன்’ என்று வைத்தான். அவன் பதிலுக்கு ‘செருப்புக்காரன் கோழை’ என்று வைத்தான். போனைத் திறந்தவர்கள் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள்.

ஒரு நாள் தியோஹெனெஸ் உள்ளே புகுந்து உபால்தோவின் பெட்டியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தான். உபால்தோ வாசலில் நின்ற ஆளுயரப் பொம்மையின் கையைக் கழற்றி அவன் மண்டையில் அடித்தான். காதுக்கு மேலே பிளந்தது. கிறிஸ்துமஸ் கூட்டம் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தது.

சோய்லா என் சூப்புக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“பெரியம்மா, அப்பா போனது ஒரு முழத்துக்கு. இவனுங்க காத்துக்கு அடிச்சிக்கிறானுங்க. ஒருத்தன் விழுந்தா நான் எந்தப் பக்கம் நின்னு அழுறது?”

“ரெண்டு பேர் மூக்கையும் நான் உடைக்கவா?”

“மொதல்ல உன் மைக்ரோவேவை அந்த மூலைக்குத் தள்ளு. நீ சூப்பு சூடு பண்றப்பல்லாம் அலை செத்துப் போவுது.”

தள்ளினேன். அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு கடையிலும் அடி அடியாக நடந்தாள். ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் அலை விழுந்தது. சுருட்டிய இரும்புக் கதவுக்கு அடியில் விழுந்தது. சுற்றி இருக்கும் கடைகளின் பெட்டிகள் எந்தச் சேனல் வரிசையில் கத்துகின்றன என்று பார்த்து, காலியான வரிசைகளைப் பிடித்தாள். கொம்பு வைத்த பெட்டிகளைக் குப்பையில் போட்டாள். கூரையில் கடைக்கு ஒன்றாக, அலை பரப்பும் இரண்டு வெள்ளைத் தட்டு. கண்ணாடிக்கு எதிரே இல்லாமல், கதவை விட்டுத் தள்ளி. ஆளுக்கொரு வரிசை, சத்தம் குறைவு. நடுவில் ஒரே கேபிள்.

“பலமா வெச்சா நல்லது இல்லையா?” என்றான் உபால்தோ.

“நீ கத்துனா அவன் கத்துவான். மெதுவாப் பேசுங்கடா, ரெண்டு பேருக்கும் கேக்கும்.”

இருவரும் தலையாட்டினார்கள். ஆனால் ஒன்றை அவள் சொல்லவில்லை. இரண்டு தட்டுக்கும் ஒரே பேர் வைத்தாள். அப்போதுதான் ஒரு கடையிலிருந்து மறு கடைக்குப் போகிறவர் போன் அறுந்துபோகாமல் தொடரும். வைத்த பேர் ‘எலியோதோரோ’. செத்தவர் பேர் இரண்டு பேரையும் சேர்த்து வைக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. எங்கள் கூடத்தில் ஒருவன் பலகைப் பேரை இன்னொருவன் எடுத்தால் கத்திக்குத்துதான் என்பது அவளுக்குத் தெரியாததா?

மறுநாள் கூட்டம் ஏறியது. மெஷின்கள் பட்டுப் பட்டென்று சீட்டுத் துப்பின. தியோஹெனெஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மச்சானிடம் சில்லறை மாற்றப் போனான். போனவன் அங்கே நின்று போனைப் பார்த்தான். தன் கடைக்கு மட்டும் வைத்ததாக அவன் நினைத்திருந்த அப்பா பேர், உபால்தோவின் கூரையிலிருந்து முழுப் பலத்தோடு.

“எங்கப்பன் பேரைக் கொண்டாந்து செருப்புக் கடையில தொங்க விட்டிருக்கியாடா!”

“நான் என்னத்தடா தொங்க விட்டேன்? உங்கக்காவைக் கேளு!”

“பொட்டச்சி மேல பழி போடுறியா, செருப்புப் பயலே!”

இரும்புக் கதவை இழுக்கும் கொக்கிக் கம்பி வாசலில் சாய்ந்திருந்தது. அதை எடுத்தான். முதல் அடியில் செருப்பு அலமாரி சரிந்தது. உபால்தோ தோல் வெட்டும் கத்தியோடு குனிந்து பாய்ந்து அவன் தொடையில் செருகினான். நான் அகப்பையோடு ஓடினேன், நான் போய் என்ன ஆகப்போகிறது! அதற்குள் எதிர்க்கடையில் ஏணியிலிருந்து இறங்கிய சோய்லா இருவருக்கும் நடுவே கையை நீட்டிக்கொண்டு போனாள்.

“பேரு நான் வெச்சதுடா! ரெண்டும் ஒண்ணுதான்டா!”

கம்பி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. கொக்கி அவள் வலது கையில் மாட்டி இழுத்தது. சுண்டுவிரலும் அடுத்ததும் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு மேல் விழுந்தன. அவள் கத்தவில்லை. கத்தியது தியோஹெனெஸ். கம்பியைப் போட்டுவிட்டு, தொடையில் கத்தியோடு தரையில் தவழ்ந்து அவற்றைப் பொறுக்கினான். உபால்தோ சட்டையைக் கிழித்து அவள் கையைச் சுற்றினான். இரண்டு பேரும் ஒரே டாக்ஸியில் அவளைத் தூக்கிப் போனார்கள். விரல் ஒட்டவில்லை.

கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்தாள். கதவோரம் உட்கார்ந்து, இடது கையால் போனில் வைஃபை பேரை மாற்றினாள். தட்டுகள் இரண்டும் அப்படியே தொங்கின.

அது முதல் கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், “அண்ணே, நெட்டு பேரு என்ன?”

உபால்தோ தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிடுவான். தியோஹெனெஸ்தான் ஜீன்ஸை மடித்துக்கொண்டே முணுமுணுப்பான்.

“என்னண்ணே? சத்தமாச் சொல்லுங்க, கேக்கல.”

“சோய்லாவோட ரெண்டு விரல்.”