சக்ஷன் நிறுத்தியாச்சு

இதய ஆபரேஷன் என்றால் எல்லோருக்கும் கத்தி பிடித்தவர்தான் ஞாபகத்துக்கு வருவார். பிழைத்து எழுந்தவர்கள் பழக்கூடையோடு வந்து தேடுவதும் அவரைத்தான். அவர் முதுகுக்குப் பின்னால், குழாயும் உருளையுமாக நிற்கும், பம்பு என்று அங்கே சொல்லும் ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பம்பு அக்காவை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் போகட்டும். பெரிய டாக்டர் இதயத்தை நிறுத்திவைத்துத் தைத்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்த ஆளின் உயிர் அக்காவின் கையில்தான் இருந்தது. அது அக்காவுக்குத் தெரியும், அது போதும் என்றுதான் அவளும் இருந்தாள்.

வேலை, சொல்வதற்கு எளிது. உடம்பிலிருந்து ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்கு வரும். மெஷின் அதற்குப் பிராணவாயு ஊட்டித் திருப்பி அனுப்பும். பிளாஸ்டிக்கைத் தொட்டால் ரத்தம் சும்மா இருக்காது, உறைந்துவிடும். ஆகவே முதலிலேயே உறையாமலிருக்க ஒரு மருந்து ஏற்றுவார்கள். தையல் முடிந்து இதயம் தானாகத் துடிக்க ஆரம்பித்ததும் அதை முறிக்க இன்னொரு மருந்து. முறிக்காவிட்டால் தைத்த இடமெல்லாம் கசிந்துகொண்டே இருக்கும். இந்த முறிமருந்து உடம்புக்குள் போகலாம், மெஷினுக்குள் வரக் கூடாது. நெஞ்சுக்குள் சிந்தும் ரத்தத்தை வீணாக்காமல் உறிஞ்சி மெஷினுக்கே கொண்டுவரும் சக்ஷன் குழாய் ஒன்று உண்டு, அதை இழுப்பது தனியாகச் சுற்றும் ஒரு உருளை. முறிமருந்து ஏறும்போது அதை நிறுத்திவிட வேண்டும். மறந்தால் மெஷினில் இருக்கும் ரத்தம் பால் திரிந்த மாதிரி திரண்டுவிடும்.

அதனால்தான் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். மயக்க மருந்து டாக்டர், "முறிமருந்து ஆரம்பிக்கிறேன்" என்றால் அக்கா, "முறிமருந்து ஆரம்பிச்சாச்சு, சக்ஷன் நிறுத்தியாச்சு" என்பாள். மற்றவர்கள் சில நாள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அக்காவிடம் அந்தக் கதையே கிடையாது. கணீரென்று பதில் வரும். புதிதாக வருகிறவர்களிடம் பெரிய டாக்டர், "அந்தம்மாகிட்ட கத்துக்கோங்க" என்று சொல்வதும், அக்கா காதில் விழாத மாதிரி குழாயைத் துடைப்பதும் வாடிக்கை.

பழக்கம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அவள் புருஷன் வீடு வீடாகப் போய் மின்சார வேலை பார்ப்பவர். "வரும்போது சோப்பு வாங்கிட்டு வா" என்பார். "வரும்போது சோப்பு, சரி" என்பாள் இவள். ஒருநாள் சண்டை முற்றி அவர், "உன்னைக் கட்டிக்கிட்டது என் தப்பு!" என்று கத்த, சட்னி அரைத்துக்கொண்டிருந்த இவள், "என்னைக் கட்டிக்கிட்டது உங்க தப்பு, சரி" என்று சொல்லிவைத்தாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், அப்பனும் சிரித்துவிட்டார், சண்டை போன இடம் தெரியவில்லை. வாய் தன்பாட்டுக்குப் பேசுகிறதே என்று அன்றைக்கு யாரும் பயப்படவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை படுத்திருந்தவர் ஒரு பள்ளி வேன் டிரைவர். இதயத்து வால்வு சுருங்கிப்போய், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். காலையில் தியேட்டர் வாசலில் அவர் சம்சாரம், புருஷனின் செருப்பை ஒரு பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பச்சை உடுப்போடு வந்த அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் நிறையப் போகுமாம்மா?"

"போற ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கத்தானேம்மா நான் உள்ள போறேன். நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

ஆபரேஷன் வெண்ணெயில் கத்தி போனது போலப் போயிற்று. புது வால்வு உட்கார்ந்தது. இதயம் ஒரு உதறு உதறிவிட்டுத் தானே துடிக்க ஆரம்பித்தது. மெஷினின் பெரிய உருளையை நிறுத்தினார்கள், சக்ஷன் உருளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் உற்சாகமாகிவிட்டார், தன் கார் ரிப்பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மயக்க மருந்து கொடுக்கும் சின்ன டாக்டர், வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பெண், அந்தப் பேச்சுக்கு நடுவே, "முறிமருந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

"முறிமருந்து ஆரம்பிச்சாச்சு, சக்ஷன் நிறுத்தியாச்சு" என்றாள் அக்கா.

அப்போது அவள் கண் மெஷினில் ரத்தம் சேரும் தொட்டியில், மீதமிருந்த ரத்தத்தின் அளவில் இருந்தது. அதை எப்படி டிரைவருக்கே திருப்பி ஏற்றுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். பெரிய டாக்டர் கார் பேச்சை நடுவில் விட்டார். பெரிய ரத்தக்குழாயில் போட்ட தையல் ஒன்று பிய்த்துக்கொண்டது. ரத்தம் பீறிட்டு அவர் கண்ணாடியில் அடித்தது. விரலை வைத்து அழுத்தினார். விரலைச் சுற்றிக்கொண்டு வந்தது. துடிக்கிற இதயத்தின் வேகத்துக்கு அதில் தையல் போட முடியாது, போட்டால் இன்னும் கிழியும்.

"திரும்ப பம்புக்குப் போறோம். அக்கா, ரெடியா?"

"ரெடி" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அக்காவின் கண் தொட்டியைப் பார்த்துவிட்டது. தொட்டியின் சுவரில், ஈரல் துண்டுகள் மாதிரி, கருஞ்சிவப்பாகக் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சக்ஷன் உருளை, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி, சுற்றிக்கொண்டே இருந்தது.

தன் கண்ணை அவள் நம்பவில்லை. யாரோ வந்து மறுபடி திருகிவிட்டார்களா என்றுகூட ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"முடியாது சார்" என்றாள்.

"என்ன முடியாது?"

"மெஷினுல ரத்தம் உறைஞ்சிடுச்சு. இதை உள்ள அனுப்பினா ஆளு போயிடுவாரு. முழு செட்டையும் மாத்தணும்."

பெரிய டாக்டர் விரலை எடுக்காமலே தலையைத் திருப்பிச் சின்ன டாக்டரைப் பார்த்தார்.

"முறிமருந்து போடும்போது வாயைத் திறந்து சொன்னியா இல்லையா?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "சொன்னேன் சார்... சொன்னேன்னுதான் நினைக்கிறேன்..."

நர்ஸ்களும் அவளைத்தான் பார்த்தார்கள். பம்பு அக்காவைப் பார்க்க யாருக்கும் தோன்றவேயில்லை. அந்தப் பெண்ணே தான் சொன்னோமா இல்லையா என்று குழம்பிப்போய் நின்றாள். அக்கா சும்மா இருந்திருந்தால் பழி அங்கேயே தங்கியிருக்கும்.

"அவங்க சொன்னாங்க சார். நான் நிறுத்தியாச்சுன்னு பதில் சொன்னேன். ஆனா நிறுத்தலை."

பெரிய டாக்டர் அக்காவைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வீட்டுச் சுவர் திடீரென்று பேசினால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். பிறகு, "மாத்து. சீக்கிரம் மாத்து" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் அக்கா பின்னால் நினைத்துப் பார்த்தபோது துண்டு துண்டாகத்தான் ஞாபகம் வந்தது. பழைய குழாய்களை அறுத்து எறிந்தாள். புது செட்டைப் பிரிக்கையில் உறை கிழியாமல் வழுக்கியது, பல்லால் கடித்துக் கிழிக்கலாமா என்றிருந்தது. ரத்த வங்கிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், வைத்துவிட்டு மறுபடி ஓடினார். சின்ன டாக்டர் பையை இரண்டு கையாலும் பிழிந்து ரத்தம் ஏற்றினாள். மேலே ஏற்றுவது கீழே விரல் இடுக்கில் போய்க்கொண்டிருந்தது. திரையில் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே வர, யாரோ அதைச் சத்தமாகப் படித்தார்கள். புதுக் குழாயில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. குமிழி மூளைக்குப் போனால் அதோடு சரி. தட்டித் தட்டிக் குமிழிகளை வெளியேற்றிய அந்த நேரத்தில் அக்கா அழுதுகொண்டிருந்தாள் என்று நர்ஸ் அப்புறம் சொன்னாள். அவளுக்குத் தெரியாது.

உறையாமலிருக்கும் மருந்தை மறுபடி ஏற்றினார்கள். மெஷின் ஓடியது. இதயம் ஓய்ந்தது, கிழிந்த இடத்தைத் தைத்தார்கள். இரண்டாம் முறை முறிமருந்து சொன்னபோது அக்கா சக்ஷன் குழாயில் கிடுக்கி போட்டு, உருளையை நிறுத்தி, வெறும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். அப்படியும் ரத்தம் லேசில் அடங்கவில்லை. இவ்வளவு ரத்தம் போய் வந்த உடம்பில் உறையும் சக்தியே தீர்ந்துபோயிருந்தது, ஊசி குத்திய துளையெல்லாம் கசிந்தது. பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பை பையாக ஏற்றி, பஞ்சை வைத்து அழுத்தி, காத்திருந்து, கடைசியில் நெஞ்சை மூடினார்கள். டிரைவர் பிழைத்துக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் பெரிய டாக்டர், "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தப்பு. மனசுல வெச்சுக்காதே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவரே வெளியே போய், "ரத்தம் கொஞ்சம் கூடுதலாப் போயிடுச்சு, அதான் நேரமாச்சு. இனிமே பயமில்லை" என்று டிரைவர் சம்சாரத்திடம் சொல்லிவிட்டு நடந்தார். அந்த அம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நின்ற அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க தாயி, நல்லா இருப்பீங்க" என்று அழுதாள்.

அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, டாக்டர் முழுசாச் சொல்லலை. நடுவுல மெஷினுல ரத்தம் உறைஞ்சு போச்சு. நான் நிறுத்த வேண்டியதை நிறுத்தலை. நிறுத்திட்டேன்னு சொல்லிட்டேன். அதுனாலதான் உங்க வீட்டுக்காரர் சாவு வரைக்கும் போய் வந்தாரு."

அந்த அம்மாள் கத்தவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.

"இதுக்கு முன்னால வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்காம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் அக்கா வாயெடுத்தாள். உறைந்த தொட்டியை அவள் இதுவரை கண்டதில்லை, அது சத்தியம். ஆனால் பெரும்பாலும் அந்த நேரத்தில் நெஞ்சு உலர்ந்திருக்கும். உருளை சுற்றினாலும் உறிஞ்ச ஒன்றும் இருக்காது. அப்புறம் மெஷினே தேவைப்படாது, எல்லாவற்றையும் அணைத்துக் கழற்றிவிடுவார்கள். நேற்று ஒரு டீச்சரம்மா படுத்திருந்தாள். அதற்கு முன்னால், சனிக்கிழமை, ஒரு பெரியவர். இருவருக்கும் முறிமருந்து ஏறியபோது, சக்ஷன் நிறுத்தியாச்சு என்று தான் சொன்ன குரல் அக்காவுக்கு அப்படியே காதில் கேட்டது. நிறுத்திய கை எங்கே? எவ்வளவு தேடியும் அது ஞாபகத்தில் அகப்படவில்லை. நேற்று மட்டுமா, போன வாரம், போன வருஷம்?

"தெரியலைம்மா" என்றாள் அக்கா.

அப்போதுதான் அந்த அம்மாள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.