வண்டிக்கு விலை பேசிய நாள்

மாட்டுங்கா ஸ்டேஷன் நடைபாலத்தில் அண்ணாச்சி ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் ரப்பர் ஹாரன். காலையில் மோட்டார் வைத்த இட்லி வண்டியில் கல்லூரிக்குப் போனவர், மத்தியானம் ஹாரனை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். வண்டி கல்லூரியுடையது. ஹாரன் அவருடையது. வாசலில் செக்யூரிட்டிக்காரன் அதையும் பிடித்து வைத்து, உள்ளே போன் போட்டுக் கேட்ட பிறகுதான் விட்டான்.

"பைய வால," என்றார் என்னிடம். "வேகமா போனா கூப்பிட மாட்டாவ."

நான் ஏற்கெனவே பையத்தான் நடந்துகொண்டிருந்தேன். வாங்க வந்தவன் விலை படியவில்லை என்றால் கடையை விட்டு இறங்கி மெதுவாக நடக்க வேண்டும், கடைக்காரன் பின்னாலிருந்து கூப்பிடுவான் என்பது அவர் பழகிய முறை. கல்லூரி வாசலிலிருந்து பாலம் வரைக்கும் அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தார். வெயிலில் காலேஜ் பிள்ளைகள் குடை பிடித்துப் போனார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

அண்ணாச்சி தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கிறவர். லேபர் கேம்ப்பில் அவர் வீட்டு மேல்தட்டில் நாலு பேரோடு நானும் வாடகைக்கு இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சூரத்தில் சாயப்பட்டறை, கோவாவில் படகு கழுவுகிற வேலை, புனேயில் கேன்டீன் என்று போய், எதிலும் நிலைக்காமல் இங்கே வந்து சேர்ந்திருந்தேன். சும்மா இருந்த ஒரு நாளில்தான் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கேமராவோடு எங்கள் சந்துக்குள் வந்து, இட்லிக்காரர்களிடம் பேச வேண்டும் என்றார்கள். யாரும் நின்று பேசவில்லை. நான் பேசினேன். அவர்களுக்குத் தலைமையாக வந்த பெண் செம்பூர் காலனியில் வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். "பரவால்லண்ணா, எங்களோட வேலைக்கு வர்றேளா?" என்றாள்.

வேலை என்னவென்று பிறகுதான் புரிந்தது. செம்பூரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு மோட்டார் கம்பெனி, கல்லூரிக்குப் பணம் கொடுத்திருந்தது. கல்லூரி ஒரு கண்ணாடி அறையும் ஒரு பேராசிரியரையும் கொடுத்தது. மாணவர்கள் யோசனையும் உழைப்பும் கொடுக்க வேண்டும். செய்த பொருள் தேறினால் அதை வைத்து அவர்களே தொழில் தொடங்கலாம், அதில் கம்பெனிக்கும் கல்லூரிக்கும் பங்கு. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: பொருளைத் தெருவில் பிழைக்கிற ஒருவரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசியில் அவர் கம்பெனி ஆட்கள் முன்னால் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு யூசர் என்று பெயர். யூசருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் போய்வருகிறவன் நான். கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிட்டார்கள். சம்பளம் ஒழுங்காக வந்தது.

அந்தக் கண்ணாடி அறையில் இன்னொரு கூட்டமும் இருந்தது. சாக்கடை நிரம்பினால் போனுக்குச் சொல்லுகிற ஒரு டப்பாவை அவர்கள் செய்தார்கள். அது தேறிவிட்டது. இப்போது செம்பூரில் அவர்களுக்குத் தனி ஆபீஸ் இருக்கிறது, வாசலில் செருப்பு விடுகிற அலமாரிகூட இருக்கிறது. ஆகவே இந்த ஏற்பாடு எல்லாமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் பொருள் இட்லி வண்டி. மூன்று சக்கர சைக்கிள், பின்னால் சூடு ஆறாத பெட்டி, அடியில் பேட்டரி. மிதித்தால் மீதியை மோட்டார் பார்த்துக்கொள்ளும். அண்ணாச்சியைத் தவிர வேறு யாருக்கும் அது அவ்வளவு தேவைப்பட்டிருக்காது. அவருக்கு வலது முட்டி போய்விட்டது. சயான் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய லைன் செம்பூரில் இருந்தது. சயான் பாலத்தை மூடிய பிறகு அங்கே போக சுற்று வழி.

லைன் என்றால் ஒரு இட்லிக்காரர் ஹாரன் அடித்துப் போகிற தெருக்கள். எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒருத்தர் லைனில் இன்னொருத்தர் ஹாரன் அடிக்க மாட்டார். மகளுக்குக் கல்யாணம் என்றால் மருமகனுக்கு லைனில் பாதியைக் கொடுப்பதுண்டு. ஆனால் சேர்ந்தாற்போல் சில நாள் போகவில்லை என்றால் லைன் செத்துவிட்டது என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் நுழையலாம், யாரும் கேட்க முடியாது. முட்டி வலிக்கிறது என்று அண்ணாச்சி படுத்துவிட்டால், அந்த வாரமே வேறு ஒரு ஹாரன் அங்கே கேட்கும்.

அந்த வண்டி வந்த பிறகு மழைக்காலம் முழுவதும் அவர் ஒரு நாளும் படுக்கவில்லை. வண்டிக்குச் சந்தனம் வைத்தார். முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். கல்லூரி கொடுத்த மின்சார மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் ஹாரனை மாட்டினார். தினமும் நான் போனில் அவரைப் படம் எடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "நல்லாருக்கு, வேற என்ன?" என்பார். அதை அனுப்பிவிடுவேன்.

மழை விடுகிற சமயத்தில் அந்தப் பெண் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனிக்காரர்களுக்குத் திருப்தியானால் அடுத்த கட்டத்துக்குப் பணம் வரும். இன்னும் சில இட்லிக்காரர்களுக்கு வண்டி செய்வார்கள். இந்த வண்டி அண்ணாச்சியிடமே இருக்கும். திருப்தி இல்லையென்றால் வண்டி கல்லூரிக்குத் திரும்பிவிடும். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினார்.

அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "சும்மா குடுத்தத சும்மாவே கேப்பான்ல. நாளைக்கே வந்து 'குடு'ம்பான், நான் என்னன்னு சொல்ல? காசு குடுத்து வாங்குனாத்தான் அது நம்ம வண்டி."

"விக்க மாட்டாங்க அண்ணாச்சி."

"கேட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"பொறவு?"

அவர் எதையும் இப்படித்தான் வாங்குவார். அரிசிக் கடையில் ஒரு கை அள்ளி, முகர்ந்து, திரும்பக் கொட்டிவிட்டு, "இத எலி திங்காது" என்பார். பிறகு மூட்டையாக எடுத்துக்கொண்டு வருவார். பிடிக்காத சாமானைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். குறை சொல்ல ஆரம்பித்தால் வாங்கப்போகிறார் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். அவர்களும் சிரித்துக்கொண்டே தராசை எடுப்பார்கள்.

கல்லூரியில் நீளமான மேஜை போட்டிருந்தார்கள். பேராசிரியர், பிள்ளைகள், கம்பெனியிலிருந்து வந்த ஒரு மேடம். அந்த மேடம் மரியாதையானவர். ஒருமுறை தாராவிக்கே வந்து, சந்தில் நின்று இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனவர். பேட்டரி பற்றியும் பெட்டி பற்றியும் பிள்ளைகள் திரையில் காட்டிப் பேசினார்கள். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் மேடம் அண்ணாச்சியைப் பார்த்து இந்தியில் கேட்டார்: "அண்ணா, இந்த வண்டி விற்பனைக்கு வந்தால் நீங்கள் என்ன விலை கொடுப்பீர்கள்?"

அது அவர்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டியா, விற்கிறார்கள் பார் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"லெஃப்ட் சைடு கீஞ்ச்தா ஹை, மேடம்," என்று ஆரம்பித்தார். வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பெட்டிக்குள் வேர்த்து, இட்லியில் தண்ணி சொட்டுகிறது. பேட்டரியை நம்பிச் செம்பூர் போனால் திரும்பி வருவது கடவுள் விட்ட வழி. மூன்று சக்கரம் இருப்பதால் சந்தில் எதிரே ஆடு வந்தாலும் நாம்தான் பின்னால் போக வேண்டும். சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்தைக் காலால் ஒரு தட்டு தட்டினார். "பங்கார் விலைக்குன்னா எடுத்துக்கறேன். அதுக்கு மேல ஒரு பைசா பெறாது."

பங்கார் என்றால் பழைய இரும்பு. மேஜையில் எல்லாருக்கும் அந்த இந்தி புரிந்தது. அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கியதிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்கத்தான் செய்தது.

மேடம் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, இங்கே வருகிறவர்கள் எல்லாரும் நல்லதை மட்டுமே சொல்கிறார்கள், நீங்கள் மனதில் பட்டதைச் சொன்னதற்கு நன்றி என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அண்ணாச்சி ஹாரனைக் கழற்றிக்கொண்டு மெதுவாகக் கதவை நோக்கி நடந்தார்.

நான் மேடத்திடம் போய், அவர் வாங்குவதற்காகத்தான் குறை சொன்னார், வண்டி இல்லாமல் அவரால் முடியாது என்றேன்.

"அப்படியென்றால் இத்தனை நாள் நன்றாக இருக்கிறது என்றாரே, அது எதற்காக?"

"அப்போது விலை பேசவில்லை மேடம்."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. "இரண்டில் எதை நான் நம்புவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேராசிரியர் என் அட்டையைக் கேட்டார், கழற்றிக் கொடுத்தேன். வண்டி இல்லையென்றால் யூசர் இல்லை. யூசர் இல்லையென்றால் நடுவில் நிற்கிறவனுக்கும் வேலை இல்லை.

பாலத்தைத் தாண்டி லேபர் கேம்ப் முனைக்கு வந்தபோது என் போன் அடித்தது. அண்ணாச்சி சட்டென்று நின்றார். "சொன்னேம்லா. என்ன வெலைக்கு வாராவ?"

அந்தப் பெண்தான். "அண்ணா, அவர் ஏன் அப்படிப் பேசினார்? நேத்திவரைக்கும் நன்னா இருக்குன்னுதானே சொன்னார்? நாங்க ஏதாவது தப்பாப் பண்ணிட்டோமா?" இல்லை என்றேன். பணம் நின்றுவிட்டது, வண்டியைக் கல்லூரி லேபுக்குள் தள்ளிவிட்டார்கள் என்றாள். பிறகு மெதுவாக, "அவரோட முட்டிக்கு என்ன பண்ணுவார்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். போனை வைத்துவிட்டு அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன்.

அவர் ஹாரனைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தம்மாதானல விலை கேட்டா," என்றார். இப்போது கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.

வீட்டில் மதினி, அண்ணாச்சியின் மனைவி, உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கதையைக் கேட்டுவிட்டுக் கையை உதறினாள். "என்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் இதே கததான். உயரம் பத்தலன்னு சொல்லிட்டு வாசல்வரைக்கும் போனாவ. எங்கப்பா கூப்ட்டு உக்கார வச்சாரு. அங்க எங்கப்பா இருந்தாரு. இங்க யாரு இருக்கா?"

"நீ சும்மா கெட."

"நான் சும்மா கெடந்தா நாளைக்கு செம்பூருக்கு யாரு போவா? அரிசி ஊறிட்டு கெடக்கு."

அண்ணாச்சி எழுந்து சுவரோரம் தார்பாய் போட்டு மூடியிருந்த பழைய சைக்கிளிடம் போனார். தார்பாயை விலக்கினார். டயரை அமுக்கிப் பார்த்தார். சீட்டின் மேல் ஒரு கையை வைத்தார். காலைத் தூக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார்.

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவன அனுப்பலாம்னா, இவன் சைக்கிள் மிதிச்சு நான் பாத்ததே இல்ல," என்றார் மதினியிடம். "ஆளு வேற நோஞ்சான். ஒரு ஊர்ல ஒரு வருசம் நின்னதில்ல. சட்னி ஊத்தச் சொன்னா பாதிய ரோட்டுலதான் ஊத்துவான். ஹாரன் அடிக்கக்கூட ஒரு கை பழக்கம் வேணும். இவனுக்குப் போயி என்ன கூலி குடுக்க?"

எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. எழுந்தேன். மேல்தட்டுக்குப் போகிற இரும்பு ஏணியில் மெதுவாக ஏற ஆரம்பித்தேன். பாதி ஏணிகூட ஏறவில்லை.

"எங்கல போற? வந்து உக்காரு," என்றார் அண்ணாச்சி.

மதினி சிரித்துவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளுக்குக் காற்றடித்து, ஹாரனை மாட்டி, பின்னால் இட்லிப் பாத்திரத்தைக் கட்டி, கைப்பிடியில் சட்னி வாளியையும் சாம்பார் வாளியையும் தொங்கவிட்டுக்கொண்டு செம்பூருக்குக் கிளம்பினேன். ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லை, இறங்கித் தள்ளினேன். சட்னி கொஞ்சம் ரோட்டில்தான் போனது. முதல் காலனிக்குள் நுழைந்து ஹாரனை அமுக்கியதும் கதவுகள் திறந்தன, தட்டோடு வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார்கள். அண்ணாச்சி வரவில்லையா என்று கேட்டார்கள். லைன் அவருடையதுதான், மிதிக்கிற வேலை மட்டும் என்னுடையது என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன்.