சில்லில்லாத வான்

தருமலிங்கம் அண்ணை போய்விட்டார் என்று துணுக்காயிலிருந்து ஒரு நண்பர் காலையில் தொலைபேசியில் சொன்னார். சற்று நேரத்தில் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரத்தின் படமும் வந்து சேர்ந்தது. 'வானகம் ஏகினார்' என்று அதில் போட்டிருந்தார்கள். அச்சகத்தில் எல்லோருக்கும் போடுகிற சொல்தான். ஆனால் இவர் போர் முடிந்து மீள்குடியேறிய நாளிலிருந்து காலையும் மாலையும் சைக்கிளில் வானுக்குப் போய்வந்த மனிதர்.

குளம் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடத்தை நாங்கள் வான் என்போம். அதில் கதவு வைத்தால் வான்கதவு. பனிச்சையடிக்குளத்தின் வான்கதவுகளுக்கு அண்ணைதான் பொறுப்பு. பதவிப் பெயர் வான்கதவு இயக்குநர். கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், எத்தனை படம் எடுத்திருக்கிறார் என்று விசாரித்தாராம். பதவி அவ்வளவு பெரியது. நியமனம் மட்டும் அமைய அடிப்படையில், அதாவது நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னால் முடிந்தது. அதை நிரந்தரமாக்குவது ஒன்றைத்தான் அவர் எங்கள் நீர்ப்பாசன அலுவலகத்திடம் எதிர்பார்த்தார்.

ஒருமுறை எங்களை மலைநாட்டு அணைகளைப் பார்க்க அழைத்துப் போனார்கள். வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தோம். இரண்டு மலைகளுக்கு நடுவே கொங்கிறீட் சுவர், அதன்மேல் விடாத மழை. அங்கிருந்த பொறியியலாளர் உயரத்தையும் மின்சாரத்தையும் விளக்கினார். அண்ணை கேட்டது ஒரே கேள்வி: "கீழ ஆர் இருக்கினம் சேர்?" அந்த விபரம் வேறு பிரிவில் இருக்கிறது என்று பதில் வந்தது. திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "அங்க மலை தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கு தம்பி. இஞ்ச மண்கட்டும் நாங்களுந்தான்."

அந்த ஆண்டு மாரியில் நான்கு நாள் மழை விடவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் குளம் வான் பாயத் தொடங்கியது. கதவையும் திறக்காவிட்டால் கட்டு உடையும். திறந்தால் கீழ்க்குடியிருப்புக்குள் தண்ணீர் போகும். எதற்கும் அலுவலக அனுமதி வேண்டும். அண்ணை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் பேசியவர் நிரோஷினி, கொழும்பிலிருந்து நியமனம் பெற்று வந்து இரண்டு வாரம்தான்.

"மிஸ், பனிச்சையடியில வான் பாய்ஞ்சிட்டுது. கீழ சனம் இருக்கு. கதவைத் திறக்கட்டோ?"

கொழும்பில் வான் என்றால் நான்கு சில்லில் ஓடும் வாகனம். அது குளத்துக்குள் பாய்ந்துவிட்டது, அடியில் சனம் அகப்பட்டிருக்கிறது என்றே அவர் விளங்கிக்கொண்டார். "இதையெல்லாம் கேட்டுக்கொண்டா நிற்பீங்க? கதவைத் திறந்து ஆட்களை வெளியில எடுங்க. அம்புலன்ஸ் அனுப்புறேன்."

இத்தனை வேகமாக எங்கள் அலுவலகம் ஒருபோதும் அனுமதி கொடுத்ததில்லை. அண்ணை சொன்னபடியே செய்தார். வரிசையை மட்டும் மாற்றினார்: முதலில் ஆட்களை வெளியே எடுத்தார், பிறகு கதவைத் திறந்தார். அம்புலன்ஸ் வந்தபோது கீழ்க்குடியிருப்பில் இரண்டு பேர்தான் மிச்சம். இருவருக்கும் கால் இல்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் கேட்பதில்லை. சாரதி இறங்கி, வான் எங்கே என்று கேட்டார். அண்ணை தண்ணீரைக் காட்டினார். சாரதி தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிறிது நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு விளக்கம் பெற்று, அந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். அன்று வீடுகள் நனைந்தன. கட்டு நின்றது. ஒருவரும் சாகவில்லை.

ஒருவரும் சாகாததால் விசாரணை வைத்தார்கள். குறிப்பெழுதியவன் நான்.

அனுமதியில்லாமல் கதவைத் திறந்தது ஏன் என்று விசாரணை அதிகாரி கேட்டார். மிஸ் திறக்கச் சொன்னவா என்றார் அண்ணை. நிரோஷினி எழுந்து, "நான் சொன்னது வானுடைய கதவை, சேர்" என்றார்.

"நானும் அதைத்தானே சேர் திறந்தனான்."

இரண்டு வாக்குமூலங்களையும் எழுதினேன். எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அதிகாரி இரண்டு முறை வாசித்துவிட்டுத் தேநீர் கேட்டார். கடைசி வரி நான் எழுதியது: 'தீர்மானம் பின்னர் அறிவிக்கப்படும்.' விசாரணை நிலுவையில் இருப்பவருக்கு நிரந்தர நியமனம் கொடுக்க முடியாது. கோப்பு ஒரு அலுமாரியிலிருந்து இன்னொரு அலுமாரிக்குப் போனது. அதிகாரி மாறினார். நான் ஓய்வுபெற்றேன். வீதியில் காணும்போது அண்ணை சைக்கிளிலிருந்து இறங்கி, கோபமில்லாமல் ஒன்றை மட்டும் கேட்பார். எழுதியவனுக்குத் தெரியும் என்று நம்பினார் போலும். நானும் ஒவ்வொரு முறையும், சொல்லுவினம் அண்ணை என்பேன்.

செத்த வீட்டுக்கு நிரோஷினி வந்திருந்தார். இப்போது அவர் வன்னித் தமிழ் பேசுகிறார். அந்த நாளிலிருந்து அண்ணை தொலைபேசி எடுத்தால், "சில்லில்லாத வான் கதைக்குது மிஸ்" என்றுதான் தொடங்குவாராம். போன கிழமையும் எடுத்து, கதவு ஒன்று இறுகிப்போயிருக்கிறது, மழைக்கு முன்னம் பாருங்கோ என்று சொன்னாராம். கடிதம் போட்டிருப்பதாக நிரோஷினி சொன்னார். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. விசாரணை என்ன ஆனது என்று அவரும் என்னைக் கேட்கவில்லை. இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர்கள்.

அமைய ஊழியராகவே அவரைக் கொண்டுபோனோம். பனிச்சையடியில் அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதோவொன்று இருக்கும். சிலரிடம் வீடே இருக்கிறது. என்னிடம் இருப்பது, சைக்கிளைப் பிடித்தபடி அவர் கேட்ட அந்த ஒன்றுதான்:

"தம்பி, பின்னர் எண்டா எப்ப?"