முடிவைச் சொல்லாதே

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில், கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டி ஒன்று கம்பத்தின் மேல் நிற்கிறது. மினிபீப் என்கிறார்கள். படித்த புத்தகத்தை அதில் வைத்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம். கேட்பாரும் இல்லை, திருடுவாரும் இல்லை. நெதர்லாந்தில் இந்த ஐந்தோவன் நகரத்துக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். எரிச்சல் பிறகுதான் வந்தது. ஒருநாள் அதிலிருந்து ஒரு நாவலை எடுத்தபோது வீட்டுக்கார அம்மாள் இங்க்ரிட் வெளியே வந்தாள். கதை எப்படி என்று கேட்டேன். "மிக நல்ல புத்தகம்" என்றாள். அதுதான் என்ன கதை என்று மறுபடியும் கேட்டேன். "சொல்லிவிட்டால் உங்களுக்கு என்ன மிச்சம்?" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பேச்சைப் பூட்டிக்கொள்கிற ஊர் இது.

எனக்குப் பழக்கம் வேறு. கொடைரோட்டுப் பக்கம் மல்லிகை போடும் வீடு எங்களுடையது. கதைப் புத்தகம் எடுத்தால் விளக்கமாறு பறந்து வரும். கல்லூரியில் என்னோடு படித்த நூர்ஜஹான் வீடு திண்டுக்கல் பேகம்பூரில். அங்கே அவளை யாரும் தடுக்கவில்லை. நூலகத்தில் எடுத்துப் படித்ததையெல்லாம், பேருந்து நிலையத்தில் என்னோடு நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொல்லுவாள். கதை முடிவதற்குள் என் பஸ் வந்துவிட்டால் பஸ்ஸை விட்டுவிடுவோம். அந்தத் தாமதத்துக்கு வீட்டில் நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. பிறகு அதே புத்தகத்தை ஒளித்துவைத்து நானும் படிப்பேன். முடிவு தெரிந்துபோனதே என்று ஒருநாளும் வருந்தியதில்லை. "யாரு சாகப் போறான்னு தெரிஞ்சாத்தான்டி அவுககிட்ட கூடக் கொஞ்சம் பிரியமா இருக்க முடியும்" என்பாள் அவள். இதைவிட நல்ல வாசிப்பு முறையை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இங்க்ரிட் என்னைத் தன் லேஸ்க்ளுப்புக்கு, அதாவது மாதம் ஒருமுறை சனிக்கிழமை மதியம் கூடும் வாசகர் வட்டத்துக்கு, அழைத்துப்போனாள். என் முறை வந்தது. ஆங்கிலத்தில் கிடைக்கும் ஒரு தமிழ் நாவலைப் பரிந்துரைத்தேன். நம்ம ஊர் வழக்கப்படி நாயகி பிறந்ததில் ஆரம்பித்து, அவள் கிணற்றடியில் செத்துக் கிடந்ததுவரை, கண் கலங்கச் சொல்லி முடித்தேன். எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். நெகிழ்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். "நீட் ஃபெர்க்ளாப்பன்" என்றார் ஒரு பெரியவர், மெல்ல. முடிவை உளறாதே என்று அர்த்தமாம். இனி அதைப் படித்துப் பயனில்லை என்று வேறு புத்தகத்துக்குப் போய்விட்டார்கள். அவ்வளவு நல்ல நாவலை நானே கொன்ற மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நானும் திருந்தினேன். "அருமை, விறுவிறுப்பு, படித்துப் பாருங்கள்" என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்ளப் பழகினேன். மளிகைச் சாமானுக்குச் சீட்டு ஒட்டுவது போல.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். இரண்டு அக்கா தங்கைகளைப் பற்றிய புதுத் தமிழ் நாவல் ஒன்றை நூர்ஜஹான் என் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். பாதிதான் படித்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே மதிய நேரம், அவள் போன் செய்து, "அந்தச் சின்னவ இருக்காள்ல, அவ கடேசியில" என்று ஆரம்பிக்க, என் வாய் முந்திக்கொண்டது.

"ஏய், சொல்லாத."

"ஏன்டி?"

"முடிவு தெரிஞ்சா சப்புன்னு போயிரும். நானே படிச்சுக்கிறேன்."

"அப்ப நா என்னத்துக்கு?" என்றாள். கடைக்கு ஆள் வந்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியத்தில் அவர்கள் செருப்புக் கடை திறப்பதே இல்லை. அன்றிலிருந்து, தான் படிக்கும் புத்தகத்தின் அட்டையை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறாள், கூடவே ஒரு கட்டைவிரல். கூப்பிட்டு அந்தச் சின்னவளின் முடிவைக் கேட்டால், "நீயே படிச்சுக்க" என்கிறாள். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தைத் தொடாமல் அந்த நாவலைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

போன சனிக்கிழமை லேஸ்க்ளுப்பில் இங்க்ரிட் அதைப் பார்த்துவிட்டாள். "இந்த மொழி எங்களுக்குப் படிக்க வராது. இதை நீ முழுதாகவே சொல்லலாம்" என்றாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அனுமதி கிடைத்தது, என்னிடம் முடிவு இல்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லோர் முன்னாலும் போனை எடுத்தேன்.

"நூரு, இங்க அம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்காக. அந்தச் சின்னவ என்ன ஆனா?"

"நீ இன்னும் படிக்கலையா?"

"நீ சொல்லாம எப்புடிப் படிக்க?"

அவள் கடைக்கு உள்ளே நகர்ந்ததும் கடைத்தெரு இரைச்சல் குறைந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தாள். முடிவு மட்டும் போதும் என்றேன், காதில் வாங்கவில்லை. கூட்டம் முடிய அரை மணிதான் இருந்தது. இங்க்ரிட் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த ஊரில் நேரமானால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, திண்டுக்கல்லில் அவள் ஒரு வரி சொல்ல, ஐந்தோவனில் அதை டச்சில் ஒரு வரி சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னவள் அப்போதுதான் பிறந்திருந்தாள்.