தைல வீட்டுக்குத் தீனம் வராது

கல்யாணமான வருஷமே எனக்கு மூக்கு மரத்துப்போய்விட்டது. அருமனைக்கு மேலே மலைச்சரிவில் என் வீட்டுக்காரருக்குப் புல்தைலம் வடிக்கும் கொட்டகை இருந்தது. மழை விட்டதும் சரிவில் வளர்ந்து நிற்கும் இஞ்சிப்புல்லை அறுத்து, பெரிய செம்பு அண்டாவில் அடைத்து, மூடியைச் சுற்றி மண் பூசி, அடியில் தீ வைப்பார்கள். ஆவி ஒரு குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுற்றிப்போய்க் குளிர்ந்து மறுபக்கம் சொட்டும். சொட்டியதன் மேலே மஞ்சளாக மிதப்பதுதான் தைலம். கொட்டகைக்குப் பத்தடி தள்ளி எங்கள் வீடு.

வந்த புதிதில் தலை பிளந்தது. பிறகு தைலம் மணக்கவில்லை. கொஞ்ச நாளில் மீன் பொரிப்பதும் மணக்கவில்லை, பிச்சிப்பூவும் மணக்கவில்லை. சந்தைக்குப் போனால் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தைலக்காரி வாறா, வழி விடுங்கட்டி" என்பார்கள். எனக்கு ஒரு எழவும் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கு அந்தத் தைலம் வியாபாரம் மட்டுமில்லை, ஒரு நம்பிக்கை. சளி, சுரம், கைகால் குடைச்சல் எல்லாவற்றுக்கும் அதுதான். "இத நாளும் மூச்சில இழுக்கவனுக்கு உடம்புக்குள்ள ஒரு பெலம் ஏறும், கேட்டியா. தைல வீட்டுக்குத் தீனம் வராது" என்பார். தீனம் என்றால் எங்கள் பக்கத்தில் நோய். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கொட்டகையில் வேலை செய்தவர்களுக்கு மலைக்காய்ச்சல் குறைவாகத்தான் வந்தது. தைலத்துக்குக் கொசு அண்டாது. அந்தச் சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டு ஊரே ரொம்ப தூரம் போய்விட்டது.

குழாயின் இணைப்பில் கசிந்து, தொட்டித் தண்ணீரின் மேல் எப்போதும் ஒரு தைலப்படலம் மினுங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரும் இளஞ்சூடாக இருக்கும். வேலைக்காரர்கள் தேங்காய்ச் சிரட்டையால் படலத்தை ஒதுக்கி மொண்டு குடிப்பார்கள். தொட்டி வெள்ளம் என்று அதற்குப் பெயர். காய்ச்சல் காலத்தில் கீழே இருந்து குடத்தோடு வந்து வாங்கிப்போவார்கள். நாங்களும் அதைத்தான் குடித்தோம். அது எங்கிருந்து தொட்டிக்கு வருகிறது என்று யாரும் யோசித்ததில்லை. மேலே ஓடுகிற ஓடையிலிருந்து கமுகு மரத்தைப் பிளந்து வைத்த கால்வாய் வழியாக வந்தது.

அந்த வருஷம் கீழே புதுக்கடை ஊர்ப் பக்கம் வாந்திபேதி பரவியது. என் தங்கை அங்கே எங்களைப் பெற்ற அம்மையோடு இருந்தாள். அவள் மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. கையில் பால்குடி மாறாத ஆண்பிள்ளை.

"ஏட்டி, அவள இஞ்ச கூட்டிக்கிட்டு வந்திருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். "கைப்பிள்ளையும் வச்சிக்கிட்டு அந்தச் சந்தைக்கரையில என்னத்துக்குக் கிடக்கணும்? இஞ்ச எந்தத் தீனமும் எட்டிப் பாக்காது."

அவரே வண்டி கட்டிப் போய்க் கூட்டிவந்தார். அம்மை வரவில்லை, வீட்டைப் போட்டுவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். தங்கை வண்டியிலிருந்து இறங்கும் முன்பே முந்தானையால் மூக்கை மூடினாள்.

"ஐயே, என்னக்கா இந்த நாத்தம்! இதுக்குள்ள எப்பிடிக் கிடக்க?"

"போவப்போவ ஒண்ணும் தெரியாதுட்டி" என்றேன்.

அவர் தைலத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து ஒரு குப்பியில் கொடுத்தார். காலையும் மாலையும் கழுத்திலும் மாரிலும் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். அவளும் தேய்த்தாள். பிள்ளை அந்தக் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டே பால் குடிப்பான், அப்படியே தூங்குவான். "இவனுக்க அப்பன் கொழும்புல இருந்து வழி கேக்காண்டாம் அக்கா, மணத்தப் பிடிச்சே வந்திருவாரு" என்று சிரித்தாள். அவள் வந்த பிறகு வீட்டில் சத்தம் இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் அவள் குடிக்கக் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதைப் பார்த்துவிட்டு அவர் வாளியை வாங்கி வைத்தார். "இது வெறும் வெள்ளம். தொட்டி வெள்ளத்தக் குடி. அதுல மருந்து இருக்கு" என்றார்.

அதன்பிறகு ஒரு விடியற்காலை அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. மத்தியானம் கண் குழிவிழுந்துவிட்டது. அவர் உள்ளங்காலில் தைலம் தேய்த்தார், நாக்கில் சொட்டு விட்டார், தாகம் என்றபோதெல்லாம் தொட்டி வெள்ளத்தை மொண்டு மொண்டு கொடுத்தார். விளக்கு வைக்கும் முன் அவள் போய்விட்டாள். அவள் விரல் நுனிகள் வெகுநேரம் துணி துவைத்தவள் விரல்போலச் சுருங்கியிருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. மூக்குக்கு வந்தது நெஞ்சுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சர்க்கார் சுகாதார ஆள் வந்தார். பாயையும் துணியையும் எரிக்கச் சொன்னார். கிணற்றில் சிவப்பு மருந்து போட்டார். தொட்டியைப் பார்த்துவிட்டு, "இந்த வெள்ளம் எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

"ஓடையில இருந்து" என்றார் என் வீட்டுக்காரர்.

"மலைக்கு மேல உள்ள குடியில வாந்திபேதியில ஆள் செத்திருக்கு. துணிமணியெல்லாம் அந்த ஓடையிலதான் அலசியிருக்காங்க. இதையா குடிச்சிய?"

"தைலம் கலந்த வெள்ளமில்லியா..."

"மணம் இருந்தா வெள்ளம் சுத்தமாயிருமா ஓய்?"

என் வீட்டுக்காரர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. நானும் குடித்தேன், அவரும் குடித்தார், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அது ஏன் என்று இன்றுவரை தெரியாது. புதுக்கடையில் நோய் அடங்கியது என்று கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மை வீட்டுக்குப் போய்விட்டேன். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

தைல வீட்டில் இருந்தவரை ஆட்டுப்பால் குடித்த பிள்ளை அங்கே குடிக்கவில்லை. ஆட்டுப்பாலைச் சங்கில் புகட்டினால் துப்பினான். பக்கத்து வீட்டில் பிள்ளைபெற்றவள் பாவப்பட்டு மாரைக் கொடுத்தாள். அவன் முகத்தைத் திருப்பி அவள் கழுத்தில் எதையோ தேடிவிட்டு வீறிட்டான். என் கழுத்திலும் தேடுவான். நான் சீயக்காய் போட்டுக் குளித்துச் சுத்தமாக இருந்தேன். கன்னம் ஒட்டியது. அழுகைச் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. "இதும் அவளுக்க பொறத்தால போயிரும் மக்களே" என்று அம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கிடையில் எனக்கு மூக்கு திறந்தது. அடுப்படியில் அம்மை புளி கரைப்பது மணத்தது. யாருக்கு வேண்டும் அது இப்போது?

அவர் வந்த அன்று, ஆள் தெரியும் முன்னே வாசம் வந்தது. காரமாக, புளிப்பாக, தொண்டையைக் கமறுகிற வாசம். இதற்குள்ளேயா நான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினேன்? வயிற்றைக் குமட்டியது. அதோடு கோபமும் வந்தது. தங்கை செத்த பிறகு எனக்கு வந்த முதல் கோபம் அது. கையில் கிடைப்பதை எடுத்து அவர்மேல் எறியலாம் போலிருந்தது. பிள்ளை மடியில் கிடந்ததால் எறியவில்லை.

அவர் முற்றத்திலேயே நின்றார். மெலிந்திருந்தார்.

"அண்டாவ உடைக்கப்போறேன்" என்றார். "செம்பு விலைக்குப் போவட்டும். அந்த நாத்தம் இனி எனக்க வீட்டுல வேண்டாம். நீ வருவியா?"

வரமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது பிள்ளை முனகலை நிறுத்தினான். தலையைத் திருப்பினான். அந்த ஒட்டிய கன்னம் அசைந்தது, உதடு சப்புக்கொட்டியது. நான் எழுந்து முற்றத்தில் இறங்கினேன். பக்கத்தில் போகப்போக அவன் கழுத்தை நீட்டி, அவர் தோளில் கிடந்த, தைலம் ஊறிய துவர்த்துத் துண்டில் மூக்கைப் புதைத்தான்.

"அந்தத் துவர்த்தத் தாருங்க" என்றேன்.

வாங்கி என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். குமட்டலை அடக்கிக்கொண்டு நின்றேன். அம்மை ஓடிவந்து சங்கை அவன் வாயில் வைத்தாள். குடித்தான். துப்பவில்லை. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, முற்றத்தில் நின்றபடியே, மானம் போக அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் தோளைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அண்டாவ உடைக்காண்டாம்" என்றேன். "பிள்ளை குடிக்கட்டும்."