பட்டியலில் இல்லாத ஒன்பது நிமிடம்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதப் போகிறேன். இதைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பார்க்கட்டும். ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் மேல்மாடி அவளுக்கு, கீழ்த்தளம் எங்களுக்கு. பத்தொன்பது வருடமாக எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது மாடிப்படி ஒன்றுதான். அதை யார் பெருக்குவது என்பதிலேயே பேச்சுவார்த்தை நின்று போயிருக்கிறது. ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சண்டை வேறு, மரியாதை வேறு.

அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். நீதிபதி சொல்லச் சொல்ல வளைவும் கோடுமாகக் கிறுக்கிக்கொண்டு வந்து, பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்து தர வேண்டும். பக்கத்தில் இடி விழுந்தாலும் காது நீதிபதியின் வாயை விட்டு நகரக் கூடாது. அந்தக் காது வீட்டுக்கு வந்தும் ஓய்வதில்லை. கீழே நான் முணுமுணுப்பது மேல்மாடியில் கேட்டுவிடும், அதுதான் என் பிரச்சினை.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் அக்காவின் வேகத்தைப் பார்த்து அசந்து போனார். அவர் ஒரு திரைப்படச் சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கம் வருடத்துக்கு ஒரு விழா நடத்துகிறது. செர்பியா, போஸ்னியா, குரோஷியா, அல்பேனியா, பல்கேரியா என்று பால்கன் பக்கத்து நாடுகளில் புதிதாக வந்த படங்கள் மட்டும் ஆறு நாள் ஓடும். ஏன் அந்த நாடுகள் என்று கேட்டால், "பெரிய நாட்டுப் படத்தை எல்லாரும் போடுறாங்க, இவங்க படத்தை யார் போடுறது?" என்பார். எனக்கு அது ஒரு காரணமாகவே பட்டதில்லை.

படத்தில் ஆங்கில எழுத்து ஓடும். அதை ஓடுகிற ஓட்டத்தில் படிக்க எல்லாருக்கும் வராது. அதனால் சங்கத்துப் பேராசிரியர் ஒருவர் அந்த ஆங்கிலத்தை நம் மொழியில் எழுதித் தருவார். திரைக்குக் கீழே நீளமாக ஒரு கறுப்புப் பலகை இருக்கும். பாத்திரம் வாயைத் திறக்கும்போது சரியாக அந்த வரி பலகையில் விழ வேண்டும். கடைசி வரிசையில் ஒரு மேசையும் கணினியும் போட்டு, ஆயிரத்துச் சொச்சம் வரிகளையும் ஒவ்வொன்றாகப் பட்டனைத் தட்டி அனுப்புவது ஒரு ஆளின் வேலை. முந்திக்கொண்டால் நடிகர் சொல்லும் முன்பே நகைச்சுவை தெரிந்துவிடும். பிந்தினால் அடுத்தவன் சாகும்போது அரங்கம் சிரிக்கும். அந்த ஆள்தான் அக்கா. சங்கத்தில் அவளுக்குப் பெயர் பட்டன் அம்மா.

தெரியாத மொழியில் யார் எப்போது வாயைத் திறப்பார் என்று எப்படித் தெரியும்? அக்கா அவள் வழியில் ஒன்று செய்தாள். சுருக்கெழுத்து அர்த்தத்தை எழுதுவதில்லை, காதில் விழும் ஒலியை எழுதுவது. அதனால் படம் முழுவதையும் வீட்டில் ஓடவிட்டு, ஒரு வார்த்தைகூடப் புரியாமல், ஒலி ஒலியாக நோட்டில் எடுத்துவிட்டாள். பக்கத்தில் வரி எண். வரிக்கு நேரே நம் மொழி. படத்துக்கு ஒரு நோட்டு. விழா வருவதற்கு ரெண்டு மாசம் முன்பிருந்தே என் தலைக்கு மேல் யாரோ ஒருத்தி ஒரே வாக்கியத்தைச் சொல்லி நாற்பது தடவை அழுவாள். என் தையல் கடையில் நாள் முழுக்க மிஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் இந்த ஒப்பாரி. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போனது.

"அக்கா, அவளை ஒரேயடியா அழ விட்டுடுங்களேன். விட்டு விட்டு அழ வைக்கிறீங்களே, பாவம்" என்று படியில் நின்று கத்துவேன்.

"இன்னும் ரெண்டு தடவை. மூச்சு எங்க எடுக்குறாங்கறது பிடிபடல" என்று மேலிருந்து பதில் வரும்.

நாலாவது வருடம் அக்கா ஒன்றைக் கண்டுபிடித்தாள். செர்பியப் படத்து நோட்டிலும் போஸ்னியப் படத்து நோட்டிலும் அதே வளைவு, அதே கோடு. குரோஷியப் படத்திலும் அதுவே. செயலாளரிடம் போய், "சார், இந்த மூணு நாட்டுக்காரங்களும் கிட்டத்தட்ட ஒரே பேச்சுதான் பேசுறாங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டு விசாரித்தார். உண்மைதான், ஒருவருக்கொருவர் பேசினால் நன்றாகவே புரியும் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. நோட்டுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு, எந்தக் கோட்டுக்கு எந்த அர்த்தம் என்று பிரித்துக்கொண்டே போனாள். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவின் வீட்டுக்காரரே அவள் ஏதோ கோயில் கணக்கு எழுதுகிறாள் என்ற நினைப்பில் இருந்தவர்.

இந்த வருடம் வாயைத் திறந்துவிட்டாள். சங்கக் கூட்டத்தில் எழுந்து, ஒரே ஒரு படத்தை நானே நேராக மொழிபெயர்க்கிறேன், ஆங்கிலம் நடுவில் வேண்டாம் என்றாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயலாளர், "அம்மா, மொழியை எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். "படிக்கல சார், கேட்டேன்." கூட்டத்தில் சிரிப்பு. "பட்டன் அமுக்குறதும் மொழிபெயர்ப்பும் ஒண்ணாகுமா? உங்க வேலையில உங்களை மிஞ்ச ஆள் இல்ல, அதோட நிறுத்திக்கலாமே" என்றார் செயலாளர். நல்ல மனுஷர்தான், ஆனால் அன்று அடித்த அடி சரியான இடத்தில் விழுந்தது. அக்கா வீட்டுக்கு வந்து எனக்கு அதைச் சொன்னாள். என்னிடம் போய்ச் சொல்கிறாள் என்றால் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்! நானும் சும்மா இருந்தேனா? "அவங்க கேட்டதுல என்ன தப்பு, அக்கா?" என்றேன். முகம் சுண்டிப் போய் மாடி ஏறினாள். அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் என் வாயிலிருந்து பிடுங்கிப் போட முடிந்தால் போடுவேன்.

விழாவின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணிக்கு ஒரு செர்பியப் படம். படத்தை எடுத்த அம்மாவே நேரில் வந்திருந்தார். என் கடைக்கு விடுமுறை. குறை சொல்வதென்றாலும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்று நானும் போனேன். அக்கா தன் மேசைக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டினாள். மேசையில் கணினி, காகிதம் சுற்றிய சின்ன விளக்கு, அந்தப் படத்தின் நோட்டு. அரங்கம் நிரம்பி வழிந்தது.

முதல் கால் மணி நேரம் வெண்ணெயாகப் போனது. திரையில் ஒருவர் மூச்சை இழுத்தால் அக்காவின் விரல் பட்டனில் இறங்கும். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் திடீரென்று ஒரு ஆஸ்பத்திரி வராந்தா வந்தது. அக்காவின் கை நின்றது.

"இது கடைசியில வர்ற காட்சி" என்றாள் மெதுவாக.

என்ன நடந்தது என்றால், அந்த அம்மா போன வாரம் படத்தை மறுபடி வெட்டி ஒட்டியிருக்கிறார். காட்சிகளை இடம் மாற்றி, புதிதாகவும் சேர்த்து, சேர்த்ததற்கு ஆங்கில எழுத்துப் போடக்கூட நேரமில்லாமல், இதுதான் முடிவான படம் என்று அனுப்பியிருக்கிறார். நம் செயலாளர், கணக்கு வாத்தியார், படம் பதினொரு நிமிடம் கூடியிருப்பதைப் பார்த்தும், கடைசியில் பெயர்ப் பட்டியல் நீளம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். பேராசிரியர் எழுதிய வரிகளோ பழைய படத்துக்கு.

அக்கா நோட்டைப் புரட்டினாள். காது திரையில், கண் கோடுகளில். ஆறு பக்கம், ஏழு பக்கம், ஒரு இடத்தில் விரல் நின்றது. வரி அறுநூற்று நாற்பது. எண்ணைத் தட்டினாள், பலகையில் சரியான வரி விழுந்தது. தவறிப் போனது மூன்றே மூன்று வரிதான். வராந்தா முடிந்து கல்யாண வீடு வந்தது, அது முன்னூற்றுப் பன்னிரண்டு. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சமையலறை வந்தது. ரெண்டு பெண்கள், மேசை நிறையப் பாத்திரம். அக்கா நோட்டைப் புரட்டவே இல்லை.

"இது நோட்டுல இல்ல" என்றாள்.

பலகை கறுப்பாகக் கிடந்தது. முன்வரிசையில் தலைகள் திரும்பின. செயலாளர் குனிந்தபடி ஓடி வந்தார், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "அம்மா, அப்படியே காலியா விட்டுடுங்க. நான் மேடையில மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"அவங்க பேசுறாங்க சார். எனக்குக் கேக்குது."

"தப்பா போட்டா அந்தம்மா முன்னாடி மானம் போயிடும்மா!"

அது அவளுக்கும் தெரியும். தப்பாகப் போட்டால் கூட்டத்தில் சிரித்தவர்கள் சிரித்தது சரி என்று ஆகிவிடும். அந்தப் பட்டன்கூட மிஞ்சாது. ஏழு வருட நோட்டுகளும் வெறும் கிறுக்கல்தான் என்று முடிந்துவிடும். நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பட்டனை விட்டுவிட்டு விசைப்பலகையில் பத்து விரலையும் வைத்தாள்.

முதல் வரி விழுந்தது: 'இந்தக் கடிகாரத்தை நீயே எடுத்துக்கோ.'

அடுத்தது: 'வேண்டாம். நீதான் நேரம் தெரியாமல் வாழ்பவள். நீ எடுத்துக்கோ.'

மாமனார் செத்து, வீட்டைக் காலி செய்கிறார்கள். ரெண்டு மருமகள்களும் சாமான் பிரிக்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்திக்கு விட்டுக் கொடுக்கிறாள், ஒவ்வொரு விட்டுக் கொடுத்தலும் ஒரு குத்து. இது எங்கள் வீட்டில், எங்கள் மாமனார் போனபோது, இதே மாதிரி ஒரு மேசையில் நடந்ததுதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்குப் பிறகு அரங்கமே சிரித்தது. ஒரு வரியில், 'அந்த ஏதோ ஒரு பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போ' என்று விழுந்தது. அந்த வார்த்தை அவளுக்குத் தெரியவில்லை, தெரியாததைத் தெரியாது என்றே போட்டுவிட்டாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ரெண்டு வரி பிடிபடவில்லை, அவற்றைக் காலியாக விட்டாள். மற்றதெல்லாம் விழுந்தது. ஒன்பது நிமிடம். கடைசியில் அந்த ரெண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுதபோது அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. முன்வரிசையில் படம் எடுத்த அம்மா திரையைப் பார்க்கவில்லை. முழுதாகத் திரும்பி, கடைசி வரிசையில் எரிந்த எங்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். மேடையில் பேராசிரியர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அந்த அம்மா அதற்குப் பதில் சொல்லாமல், கையை நீட்டி எங்கள் மேசையைக் காட்டி, தன் சொந்த மொழியில் பேச ஆரம்பித்தார். பேராசிரியர் விழித்தார். செயலாளர் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு தானே அரங்கத்தின் கடைசி வரைக்கும் நடந்து வந்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. நான் அன்னைக்குப் பேசினது தப்பு" என்றார். அதை ஒலிவாங்கியிலேயே சொன்னார். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

அக்கா எழுந்தாள். மேடையில் ஒரு வாக்கியம், இங்கே ஒரு வாக்கியம்.

"இந்தச் சமையலறைக் காட்சிய எங்க நாட்டுக்கு வெளியில யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு வெட்டிப் போட்டுட்டேன், அப்படிங்கறாங்க. மனசு கேக்காம போன வாரம் திரும்ப சேத்தேன். இன்னைக்கு எங்க ஊர்ல எங்கெங்க சிரிப்பாங்களோ, நீங்களும் அங்கெல்லாம் சிரிச்சீங்க, அப்படிங்கறாங்க."

கைதட்டல் அடங்கியதும் அந்த அம்மா இன்னொன்று சொன்னார். நீளமாக இல்லை. அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். காது வரைக்கும் சிவந்து போனாள். ஐயோ, இவ்வளவு தூரம் வந்து இங்கேயா மாட்டிக்கொள்ள வேண்டும்? அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "அக்கா, புரியலைன்னா புரியலைன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"புரியுதுடி, அதான் கஷ்டம்" என்றாள். அது ஒலிவாங்கியில் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தாள். "நான் கோர்ட்டுல வேலை செய்யறவ. சொன்னதுல ஒரு வார்த்தை சேக்கவும் கூடாது, விடவும் கூடாது. அதனால சொல்றேன், யாரும் தப்பா நினைக்காதீங்க. இவங்க சொல்றது இதுதான்: 'கடைசி வரிசையில நிக்கிற இந்த அம்மாதான் என் படத்தோட மொழிபெயர்ப்பாளர். அவங்களுக்காக நீங்க எல்லாரும் இப்ப எழுந்து நிக்கணும்.'"

முதலில் எழுந்தது நான்தான்.