கடற்பாசிக் கொடியும் நாய்ச் சங்கிலியும்

முடிச்சூரில் நான் வாடகைக்கு இருந்த மாடியிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியும். அந்தக் கார்த்திகையில் சிறுவர் நூல் ஒன்றுக்காகக் கடல் நீர்நாய்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். குளிர்ந்த வடபசிபிக்கில் வாழ்ந்தும், திமிங்கிலத்துக்கு இருப்பதுபோன்ற கொழுப்புப் படலம் அவற்றுக்கு இல்லை. அடர்ந்த ரோமத்துக்குள் சிக்கியிருக்கும் காற்றே அவற்றின் போர்வை. ரோமம் அழுக்கடைந்தால் குளிர் உடலுக்குள் இறங்கிவிடும். எனவே ஓயாமல் அதைக் கோதிக்கொண்டே இருக்கின்றன. குட்டிக்கு முங்கத் தெரியாது, தக்கைபோல் மிதக்கும். தாய் இரைதேடி முங்குமுன், கெல்ப் எனப்படும் நீண்ட கடற்பாசிக் கொடியைக் குட்டியின்மேல் சுற்றிவிட்டுப் போகும், அலை அதைக் கொண்டுபோகாதபடி.

இந்தப் பத்தியை நான் எழுதிய காலையில், கீழ்த்தளத்தில் வசித்த வீட்டு உரிமையாளர் வெள்ளத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவின் வழக்கம் அது: ஏரி நிரம்பியதென்று தெரிந்தால் கேஸ் சிலிண்டரையும் தண்ணீர் டிரம்மையும் ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிடுவார்கள். கடைசியாக அவர் தம் நாயைக் கேட் தூணோடு சங்கிலியால் பிணைத்தார்.

"நாயையுமா அண்ணா?"

"போன தபா பழைய நாய அவுத்து வுட்டேன், இன்னா ஆச்சு? தண்ணி இழுத்துக்கினு பூட்ச்சு. இவன் எங்கயும் போமாட்டான்."

"மாடியில விட்டுட்டுப் போங்களேன்."

"உன் சோபாவ நாஸ்தி பண்ணிடுவான் தம்பி. நீ போய் கத எழுது."

ஆட்டோவில் காத்திருந்த அவர் மனைவி சிரித்தார். இருவரும் மறைமலை நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

பிற்பகலில் மழை நின்றது. நின்ற பிறகுதான் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஓசையே இல்லை. சாக்கடை மூடிகளின் இடுக்குகளிலிருந்து கருப்பாகக் கசிந்து தெருவை நிரப்பியது. நாய் குரைக்கவில்லை; முன்கால்களைத் தூணில் ஊன்றி நின்றது. பாதி எழுதிய பக்கத்துக்கும் அதற்குமிடையே என் கண்கள் அலைந்தன. கடற்பாசிக் கொடி நீரோடு சேர்ந்து உயரும். சங்கிலி உயராது.

அவிழ்த்தால் வெள்ளம் கொண்டுபோகலாம். அவிழ்க்காவிட்டால் கட்டிய இடத்திலேயே மூழ்கும். எது நேர்ந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தவன் நானாக இருப்பேன். இறங்கினேன். கடைசிப் படியில் தண்ணீர் இடுப்பளவு இருந்தது. தூணை அடைந்தபோது நாயின் மூக்கு மட்டுமே வெளியே தெரிந்தது. கழுத்துப்பட்டையைத் தொட்டதும் பயத்தில் என் மணிக்கட்டைக் கவ்வியது. ஊறிப்போன தோல்வார் கொக்கியைவிட்டு வர மறுத்தது; வந்த கணத்தில் நீரோட்டம் எங்கள் இருவரையும் சுவரோடு மோதியது. அதை மார்போடு அணைத்தபடி படியேறினேன்.

மாடிக்கு வந்து சேர்ந்ததும் கைபேசி ஒலித்தது.

"தம்பி, அவன் கட்டிதானே கீறான்?"

"அவிழ்த்துட்டேன் அண்ணா. எங்கிட்டதான் இருக்கான்."

"யாரக் கேட்டு அவுத்த? வாசக் கேட்டு எவ்ளோ முழுகிக்கீது?"

எட்டிப் பார்த்தேன். "கேட்டே தெரியல அண்ணா."

காலையில் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்: "கெட்டியாப் புட்ச்சிக்கோ."

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். நனைந்த ரோமத்தின் வழியே அதன் நடுக்கம் என் கைக்குள் இறங்கியது. நாய் என்னைப் பார்க்கவில்லை. சற்றுமுன் நாங்கள் ஏறிவந்த படிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவற்றில் இன்னொன்று தண்ணீருக்குள் மறைந்திருந்தது.